வீட்டை விற்கும் வேளையில்



திருமணம் பேசி முடிக்கும் முன் பங்குத் தந்தையை நாடி வருகிறீர்கள். நோயிலும் இறப்பிலும் எந்த நேரமாயினும் ஆள் அனுப்புகிறீர்கள். ஆனால் பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டை விற்கும்போது மட்டும் தரகரோடு பேசி முடித்துவிடுகிறீர்கள். "இதில் சாமிக்கு என்ன வேலை?" என்று எண்ணுவது இயல்பே. எனினும், வீடு விற்ற பணத்தால் பேச்சு அறுந்துபோன உடன்பிறப்புகள் ஒரே கோயிலில் எதிரெதிர் வரிசைகளில் அமர்ந்திருப்பதை ஞாயிறுதோறும் பீடத்திலிருந்து காண்பவர் நாமே. அவர்களைச் சமாதானப்படுத்தும் பணியும் இறுதியில் நம்மிடமே வந்து சேர்கிறது. அப்பணியை முன்கூட்டியே சிறிதேனும் குறைக்கலாம் என்னும் எண்ணத்தோடு இம்மாதம் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். கையில் ரொக்கத்தோடு வந்து வீட்டைக் கேட்பவருக்கு விற்கலாமா?

தறியும் வீடும்

காஞ்சி நகரத்தில் வீடு என்பது வெறும் உறைவிடம் அன்று. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளில் பழைய வீடுகளுக்குள் நுழைந்தவர்கள் இதனை அறிவார்கள். கூடத்திலேயே தரையைத் தோண்டிக் குழித்தறி அமைத்திருப்பார்கள். குழியில் காலை இறக்கி மிதியை மிதித்தபடி நெய்பவரின் தலைக்கு மேல் குடும்பப் படங்கள் தொங்கும். அடுப்படியில் குழம்பு கொதிக்கும் ஓசையும் தறியின் ஓசையும் ஒரே கூரையின்கீழ் கேட்கும். பாவு நீட்டுவதற்குத் தெருவே களமாகும். 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டு, பெரும்பாலும் இத்தகைய வீடுகளில் பிறந்ததுதான். அவ்வீட்டை விற்றால் தொழிலுக்குரிய இடமும் உடன் போகிறது. தறியைக் கழற்றி எடுத்துச் செல்லலாம். ஆனால் வாடகைக்குப் பிடிக்கும் மாடி வீட்டில் குழி தோண்ட எந்த வீட்டுக்காரர் இசைவார்?

ஆயினும் விற்க வேண்டிய நிலைமை பலருக்கு வந்துதான் விடுகிறது. மகளின் திருமணம், மருத்துவச் செலவு, முதலாளியிடம் வாங்கிய முன்பணம், வட்டிக்கு வாங்கிய கடன் எனக் காரணங்கள் பல. பிள்ளைகள் தறியை விட்டு, திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கோ சென்னைக்கோ போய்விட, முதிய தாய் மட்டும் பெரிய வீட்டில் தனித்திருப்பதும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் மகிழுந்துத் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிய காலமுதல் இம்மாவட்டத்தில் மண்ணின் விலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 2022இல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டபின் மனையைப் பற்றிய பேச்சு இன்னும் மிகுந்துவிட்டது. இத்தகைய காலத்தில்தான் பையோடு ஒருவர் வருகிறார்.

பையோடு வருபவர்

ரொக்கமாக வாங்குபவர் எல்லாரும் தீயவர் என்று நாம் சொல்லவில்லை. வங்கிக் கடன் எடுக்காமல், தம் சேமிப்பிலிருந்து முழு விலையையும் வரைவோலையாகவோ வங்கிக் கணக்கின் வழியாகவோ செலுத்தும் நேர்மையாளர் இருக்கிறார். அவருக்கு விற்பதில் குறை ஒன்றுமில்லை; காத்திருக்கும் காலம் குறைவது நன்மையே. நாம் பேசுவது மற்றொருவரைப் பற்றி. "அடுத்த வாரமே பத்திரம். பாதி வெள்ளை, பாதி கறுப்பு. வெளியே யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்று அவர் சொல்வார். வீட்டோடு சேர்த்து நம் அவசரத்தையும் நம் வாய்ப்பேச்சையும் அவர் விலைக்கு வாங்கிக்கொள்கிறார்.

கணக்கிட்டுப் பார்ப்போமாக. ஒரு வீட்டுக்குச் சந்தையில் 60 லட்சம் ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அரசின் வழிகாட்டி மதிப்பு 36 லட்சம். பையோடு வந்தவர், பத்திரத்தில் 36 லட்சம் எழுதி, 18 லட்சத்தைக் கையில் கொடுத்து, 54 லட்சத்திற்கு முடிக்கிறார். விற்றவருக்கு முதலிலேயே 6 லட்சம் இழப்பு. வாங்கியவரோ, மறைத்த 18 லட்சத்திற்குரிய முத்திரைத்தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக 1,62,000 ரூபாயை மிச்சம் பிடிக்கிறார். கணக்கில் வராத தம் பணத்தையும் நம் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறார். அந்தச் சுமையை இனிச் சுமக்க வேண்டியவர் விற்றவரே.

எப்படி எனில், 2015 ஜூன் முதல் நாளிலிருந்து, வீடு அல்லது நில விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது. முன்பணமும் இதில் அடங்கும். மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் உண்டு. அது விழுவது பெற்றவர்மீது. 18 லட்சம் வாங்கியவர் மேலும் 18 லட்சம் கட்ட நேரிடலாம். அந்தப் பணத்தை வங்கியில் போடவும் அஞ்ச வேண்டும், வீட்டில் வைத்திருக்கவும் அஞ்ச வேண்டும். நம் நாட்டில் 1946, 1978, 2016 என மூன்று முறை பெரிய பணத்தாள்கள் செல்லாதவை ஆக்கப்பட்டன. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவில் 500, 1,000 ரூபாய்த் தாள்களை அலமாரியில் அடுக்கி வைத்திருந்தோர் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை.

அண்மையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றையும் அறிந்துகொள்வது நல்லது. ஆற்காடு நாராயணசாமி முதலியார் நிறுவிய கல்வி அறநிலையம் ஒன்று பெங்களூரில் பழமையானது. அதன் கையிலிருந்த சொத்தைப் பிறர் சிலரிடமிருந்து வாங்க 2018இல் ஒப்பந்தம் செய்து, 75 லட்சம் ரூபாயை ரொக்கமாக முன்பணம் கொடுத்தோம் என்று கூறிச் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2025 ஏப்ரல் 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தொடக்க நிலையிலேயே தள்ளியது. அத்தோடு நில்லாமல், 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுத்ததாக எந்த வழக்கில் கூறப்பட்டாலும் நீதிமன்றமே வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், பதிவுக்கு வரும் பத்திரத்தில் அத்தகைய செய்தி இருந்தால் சார்பதிவாளரும் தெரிவிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. மறைவில் கைமாறிய பணத்தைப் பற்றிப் பின்னொரு நாளில் வழக்காடினால் அது வருமான வரித் துறைக்கும் தெரியவரும் என்பது இதனால் தெளிவாகும். வாங்கியவர் பேசிய தொகையில் பாதியைத் தராமல் ஏமாற்றினாலும் நாம் எந்த வாயிலில் போய் முறையிடுவது?

"வரியில் பாதி போய்விடுமே" என்னும் அச்சமே பலரை இவ்வழியில் தள்ளுகிறது. அந்த அச்சம் பெரும்பாலும் வரியைவிடப் பெரியது. 2024 ஜூலை 23 முதல், நெடுநாள் வைத்திருந்த வீட்டை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்திற்கு வரி 12.5 விழுக்காடு. ஆதாயம் 40 லட்சம் எனில் வரி 5 லட்சம். அந்நாளுக்கு முன்னரே வாங்கிய வீடாயின், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக்கொண்டு 20 விழுக்காடு கட்டும் பழைய முறையையும் கணக்கிட்டு, எது குறைவோ அதனைச் செலுத்தலாம். ஆதாயத்தைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு குடியிருப்பு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ, அந்த அளவிற்கு வரி விலக்கும் உண்டு. நேர்மையாக விற்று நேர்மையாக வாங்குபவர் பல வேளைகளில் வரியே கட்ட வேண்டியதில்லை. ஒரு கணக்காயரிடம் அரை நாள் செலவிட்டால் தெரிந்துகொள்ளக் கூடியதை அறியாமல், ஆயுள் முழுதும் அஞ்சி வாழ வேண்டுமா?

சகோதரியின் பங்கு

இதுவரை சொன்னது பணத்தைப் பற்றியது. இனிச் சொல்வது ஆன்மாவைப் பற்றியது.

கிறிஸ்தவர்களாகிய நமக்குரிய 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கு பிள்ளைகள் அனைவருக்கும் சமம். மகன் என்றும் மகள் என்றும் வேறுபாடு இல்லை. கேரளத்தில் பழைய திருவிதாங்கூர்ச் சட்டத்தின் பெயரால் பெண்களுக்கு மறுக்கப்பட்ட இவ்வுரிமையை மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. ஆயினும் நம் குடும்பங்களில், "அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோமே" என்னும் சொல் இன்னும் ஓயவில்லை.

மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்வோம். தந்தை இல்லை, தாய் இருக்கிறார், மகன்கள் இருவர், மகள் ஒருவர். 54 லட்சத்தை முறையாகப் பிரித்தால் தாய்க்கு 18 லட்சம், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 12 லட்சம். ஆனால் பத்திரத்தில் இருப்பது 36 லட்சமே. வெளியூரில் வாழும் மகள் கையெழுத்திட வருகிறாள். பத்திரத்தைக் காட்டி 8 லட்சத்தை அவளிடம் கொடுக்கிறார்கள். தாய்க்கு 12 லட்சம் என்று சொல்லி, "உங்களுக்கு எதற்கம்மா பணம், நாங்கள் வைத்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். பையில் வந்த 18 லட்சம் மகன்களிடமே நின்றுவிடுகிறது. அரசை ஏமாற்றுவதற்காக எழுதிய பொய், அன்று மாலையே தங்கையை ஏமாற்றும் கருவியாகிவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து, வாங்கியவர் வீட்டுத் திருமணத்திலோ கடைத்தெருவிலோ உண்மை வெளிப்படும். அப்போது அறுந்துபோகும் உறவை எந்தத் தறியில் இட்டு இணைப்பது?

திருத்தூதர் பணிகள் நூலின் 5ஆம் அதிகாரத்தில் வரும் அனனியா, சப்பிரா வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர்கள் நிலத்தை விற்றார்கள். விலையில் ஒரு பகுதியை ஒளித்துக்கொண்டார்கள். மீதியைக் கொண்டுவந்து இதுவே முழு விலை என்று சொன்னார்கள். விற்றதற்காகப் பேதுரு அவர்களைக் கண்டிக்கவில்லை. பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. பகுதியை முழுமை என்று சொன்னதே அவர்கள் செய்த குற்றம். குறைந்த விலை எழுதிய பத்திரத்தில் கையெழுத்திடும்போது நாமும் அதனையே சொல்லவில்லையா? கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொண்டு செய்த பொய் அது என்பதையும் கருதுங்கள். குடும்பமே கூடிச் செய்யும் பாவங்களுள் இது ஒன்று.

பலர் அறிய விற்றவர்கள்

முன்னோர் நிலத்தையும் மனையையும் பலர் காண விற்றார்கள். ஆபிரகாம் தம் மனைவி சாராவை அடக்கம் செய்ய மக்பேலாக் குகையை எப்ரோனிடம் வாங்கியபோது, நகர வாயிலில் கூடியிருந்த இத்தியர் அனைவரும் கேட்க 400 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். அதுவும் ரொக்கமே, ஆனால் ஊர் அறிந்த ரொக்கம். எருசலேம் முற்றுகையில் இருந்தபோது எரேமியா தம் உறவினரின் நிலத்தை 17 செக்கேலுக்கு வாங்கினார். சாட்சிகள் கையெழுத்திட்டனர், பத்திரத்தின் படிகள் நெடுநாள் அழியாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கப்பட்டன. நாடே அழியும் வேளையிலும் அந்த இறைவாக்கினர் எழுத்தில் குறை வைக்கவில்லை.

நம் மண்ணின் வழக்கமும் இதுவே. காஞ்சியிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள பழைய கோயில்களின் சுவர்களில், நிலம் விற்ற செய்தியையும் அதன் எல்லைகளையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவருக்கு வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் வாழ வேண்டும் என்று விதிக்கிறது. கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் அது விலக்கி வைக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்தில் வீடும் வரியும் கணக்கும் ஒரே மூச்சில் பேசப்பட்டன. இன்று நாம் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணுகிறோம்.

திருச்சபையின் போதனையிலும் ஐயத்திற்கு இடமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, நியாயமான வரிகளை ஏமாற்றித் தப்பிக்கும் பழக்கத்தைப் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. திருச்சபையின் மறைக்கல்வி நூல் வரி ஏய்ப்பை ஏழாம் கட்டளைக்கு எதிரான செயல்களுள் ஒன்றாக வைக்கிறது. பிறருடைய அறியாமையையோ நெருக்கடியையோ பயன்படுத்தி விலையை உயர்த்துவதையும் அதே இடத்தில் கண்டிக்கிறது. ஒரு பொருளை அதன் மதிப்புக்கு மிகுதியாக விற்பதும் மதிப்புக்குக் குறைவாக வாங்குவதும் அநீதியே எனப் புனித தோமா அக்குவினார் கற்பித்தார். விற்பவர் பொருளின் மறைந்த குறையை வாங்குபவருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பதும் அவர் போதனையே. சுவரில் ஓதம் ஏறுவதையும் கிணறு வற்றுவதையும் மறைத்து விற்கலாகாது.

இங்கே வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். நம் பங்குகளில் வளமாக வாழ்பவரும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் மருத்துவமனைக் கட்டணத்திற்குத் தவிக்கும்போது, 60 லட்சம் பெறும் வீட்டை 45 லட்சத்திற்குக் கேட்டு, "ரொக்கம் தயார்" என்பது உதவி அன்று. முடிந்தால் அவருக்குச் சிறு தொகையைக் கடனாகக் கொடுத்து, நல்ல விலை வரும்வரை காத்திருக்கச் செய்யுங்கள். அது கிறிஸ்தவ உதவி.

விற்றே ஆக வேண்டுமெனில்

முதலில், தாயும் பிள்ளைகளும், மணமாகிச் சென்ற பெண்மக்கள் உட்பட, ஒன்றாக அமர்ந்து பேசுங்கள். விற்ற பின் தாய் எங்கே வாழ்வார், நெய்பவர் எங்கே தறி போடுவார் என்பதற்கு விடை கண்ட பிறகே விலையைப் பேசுங்கள். தாயின் பங்கு தாயின் பெயரில் வங்கியில் இருக்கட்டும்.

தரகர் ஒருவரின் சொல்லை மட்டும் நம்பாமல், அண்மையில் அதே தெருவில் விற்றவர்களிடம் கேட்டு விலையை அறியுங்கள். வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று ஆகியவற்றை முன்னரே எடுத்து வைத்திருந்தால், வங்கிக் கடனில் வாங்குபவரும் விரைவாக வாங்க இயலும். வங்கி நம் ஆவணங்களை ஆராய்வது நமக்கும் பாதுகாப்பே; அதற்காகச் சில வாரங்கள் பொறுத்திருப்பது வீண் போகாது.

முன்பணத்தை வங்கி வழியாகவே பெறுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும்; வெற்றுத்தாளிலோ பதியாத ஒப்பந்தத்திலோ கையெழுத்திட வேண்டாம். முழுத் தொகையும் கணக்கில் வந்து சேரும் முன் மூலப்பத்திரத்தையும் சாவியையும் கொடுக்காதீர்கள். பத்திரத்துக்குப் பதிலாகப் பொது அதிகாரம் எழுதிக் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அத்தகைய ஆவணத்தால் மட்டும் சொத்து கைமாறிவிடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. கைமாறும் விலை முழுவதும் பத்திரத்தில் இருக்கட்டும். விற்று முடிந்ததும் அதன் ஒரு படியைப் பங்காளர் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள்.

ஏற்கெனவே மறைவில் விற்றுவிட்டவர்கள் இதனைப் படித்து மனம் கலங்கக்கூடும். அவர்களுக்குச் சக்கேயுவின் வழி திறந்தே இருக்கிறது. அவர் மனமாறியபோது கண்ணீரோடு நின்றுவிடவில்லை. ஏமாற்றியதைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். ஒப்புரவு அருள்சாதனத்தில் மன்னிப்புப் பெறுபவர் பறித்ததைத் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவர். தங்கைக்குச் சேர வேண்டிய 4 லட்சத்தை ஒரே நாளில் கொடுக்க இயலாவிட்டால், மாதந்தோறும் கொடுங்கள். வரிக் கணக்கைச் சீர்செய்ய வழியுண்டா என்று தகுந்தவரிடம் கேளுங்கள். முதல் தவணையைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.

தலை சாய்க்க இடமில்லாதிருந்த ஆண்டவர், நம் இல்லங்களையும் அவற்றை விட்டுப் பெயர்ந்து செல்வோரையும் ஆசீர்வதிப்பாராக.